அந்த அக்கா போனாளா இல்லையா

தங்கலட்சுமிக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கதையையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வர அவளால் முடியாது. ஒரு தடவை திருச்சுழி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரு மாமியார் வீட்டுச் சண்டையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள், மாமனார் குறுக்கே நிற்கிறார், அந்த நேரம் பார்த்துத் தங்கலட்சுமியின் ஊர் வந்துவிட்டது. இறங்குவாளா? "எக்கா, ஒங்க ஊரு வந்திருச்சு" என்று கண்டக்டர் கத்துகிறான். "நீ டிக்கெட்டக் கிழிப்பா, அந்தப் பிள்ள என்ன ஆனான்னு கேட்டுட்டு எறங்குறேன்" என்று அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய், உச்சி வெயிலில் கருவேலங்காட்டு வழியே நடந்து வீடு வந்து சேர்ந்தாள். "கிறுக்குப் பிடிச்ச கழுத, வெயில்ல மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?" என்று பாய்ந்தான் புருஷன் வீரபாண்டி. சோறு தின்று கை கழுவிய பிறகு மெதுவாக, "சரி, அந்தப் பிள்ள என்னதான் ஆச்சு?" என்று கேட்டான். தொத்து வியாதிதான், சந்தேகமே இல்லை.

பந்தல்குடிப் பக்கம் பிறந்து திருச்சுழிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வானம் பார்த்த பூமி. போர்த் தண்ணீர் நிலத்தின் ஒரு மூலைக்குத்தான் எட்டும். அந்த மூலையில் கோடைக்கு வெள்ளரி போடுவாள். பிஞ்சைப் பறித்துக் கூடையில் அடுக்கி, மத்தியான பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வந்து, பூங்கா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவாள். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுப்பதற்குள் வாங்க வந்தவரின் பூர்வோத்தரம் முழுவதும் அவள் காதுக்கு வந்துவிடும். சாயங்காலம் நடக்க வருகிறவர்களில் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார், எந்த ஜவுளிக்கடையில் பாகப் பிரிவினை நடக்கிறது, எல்லாம் தெரியும்.

ஒன்றே ஒன்று தெரியாது. பூங்காவுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தன் தம்பி தனுஷ்கோடியின் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

தனுஷ்கோடி ஒரே தம்பி. லோடு வண்டி ஓட்டி, சொந்தமாக வண்டி வாங்கி, அருப்புக்கோட்டையில் வீடு கட்டினான். புது வீட்டில் பால் பொங்க வைப்பது கூடப் பிறந்தவளின் உரிமை. அவளை அழைக்க வேண்டிய முறை ஊருக்கே தெரியும். தம்பியும் பொண்டாட்டியும் சேர்ந்து நேரில் வரவேண்டும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "வந்து நடத்திக் குடுக்கா" என்று சொல்லவேண்டும். பத்திரிகை எப்படி வந்தது தெரியுமா? திருப்பூரில் வேலை பார்க்கிற தங்கலட்சுமியின் மகன் அய்யப்பனின் செல்லுக்கு, வாட்ஸ்அப்பில் வந்தது. அவன் போன் போட்டு, "அம்மா, மாமா வீடு பால் காய்ச்சுறாராம்" என்று வாசித்துக் காட்டினான்.

"இதென்ன கேஸ் பில்லா, செல்லுல வாரதுக்கு?" என்று கேட்டாள் தங்கலட்சுமி. போகவில்லை. தம்பி பொண்டாட்டியின் தங்கச்சி பாலைப் பொங்க வைத்தாளாம். அதுவும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. நாலு வருஷம். ஊர்க் கதைக்கெல்லாம் 'அப்புறம்?' கேட்கிறவள், இந்தக் கதையை மட்டும் யாராவது எடுத்தால் கத்தியை எடுத்து வெள்ளரியைக் கீற ஆரம்பித்துவிடுவாள்.

இந்த மே மாதம் பூங்கா வேலியில் ஒரு பேனர் தொங்கியது. கோடைக் கலை விழா, ஒரு வாரம், தினமும் சாயங்காலம், அனுமதி இலவசம். மதுரையிலிருந்து வந்த இளவட்டங்கள் பறையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கிற ராஜகுருவுக்கு அது பொறுக்கவில்லை.

"சும்மா ஆடிக் காமிக்க அவனுகளுக்கென்ன நேர்த்திக்கடனா? கடைசி நாள் பாருங்க, குக்கரு விப்பான். இல்லாட்டி பிளாட்டு விப்பான்."

"அப்பிடிங்கிறீக அண்ணாச்சி?"

"நான் வியாபாரிம்மா. இலவசம்னு எவன் சொன்னாலும் எனக்கு அடிவயிறு கலங்கும்." ஆனால் முதல் நாளே சாயங்காலம் கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தது அவர்தான். வேவு பார்க்கவாம்.

மேடை கிடையாது. தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிய தரையில் சனங்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் ஒயிலாட்டம், பிறகு பாட்டு, கொஞ்சம் வித்தை. கடைசியில் ஒரு நாடகம். தங்கலட்சுமி வாசலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நாடகத்தில் ஓர் அக்கா, ஒரு தம்பி. ஏதோ மனஸ்தாபம், பேச்சு வார்த்தை இல்லை. தம்பி மகளுக்கு மறுநாள் கல்யாணம். முறையான அழைப்பு வரவில்லை. அக்காவாக நடித்த சுவாதி என்ற பெண், இரண்டு மூங்கிலை நட்டுத் தன் வீட்டு வாசல்படி என்று வைத்திருந்த இடத்தில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். போவதா, வேண்டாமா?

தங்கலட்சுமி வியாபாரத்தை மறந்து எழுந்து நின்றாள். அந்த நேரம் பார்த்தா கடைசி பஸ் கிளம்ப வேண்டும்! கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாக ராஜகுருவைப் பிடித்தாள். "அண்ணாச்சி, அந்த அக்கா போனாளா இல்லையா?"

"போயிட்டாளே. தம்பிக்காரன் ஓடியாந்து காலுல விழுந்தான். நல்ல முடிவு. ஆனா குக்கர இன்னும் வெளிய எடுக்கக் காணோம்."

அவ்வளவு லேசாகவா போய்விட்டாள்? தங்கலட்சுமிக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றும் அதே நாடகம், அதே வாசல்படி, அதே பஸ். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற சந்தனம்மாளிடம் கேட்டாள். அவள் முந்தின நாள் ராத்திரி பேரனோடு போய்ப் பார்த்திருந்தாள்.

"போகலத்தா. சீரு சாமானை மகன்கிட்டக் குடுத்துவிட்டுட்டுக் கதவச் சாத்திக்கிட்டா. ரோசக்காரின்னா அவதான் ரோசக்காரி!"

"அண்ணாச்சி போயிட்டான்னு சொன்னாரே?"

"அவருக்குக் கண்ணாடி மாத்தணும்."

நாலாம் நாள் ஆட்டோக்காரர் மாரிச்செல்வம் வேறு ஒன்றைச் சொன்னார். அக்காவும் தம்பியும் நடுரோட்டில் ஒருத்தர் மயிரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்களாம், மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய் வேனைத் திருப்பிவிட்டார்களாம், சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். தங்கலட்சுமிக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு நாடகத்த ஒழுங்காப் பாத்து வந்து சொல்ல ஒருத்தருக்கும் துப்பில்ல. ஒங்களுக்கெல்லாம் கண்ணு மூஞ்சியில இருக்கா, முதுகுல இருக்கா?"

வீட்டில் போய்ப் புலம்பினாள். வீரபாண்டி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான். "அவ போனா ஒனக்கென்ன, போகாட்டி ஒனக்கென்ன? எதுக்கு இந்தத் தவிப்பு?"

அவனுக்கு விஷயம் தெரியாதா? தெரியும், அதனால்தான் கேட்டான். அவள் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரிதான். அந்த அக்கா போயிருந்தால், தானும் ஒரு நாள் தனுஷ்கோடி வீட்டுப் படி ஏறலாம், அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. போகவில்லையென்றால், தான் போகாததும் நியாயம்தான், இனி அந்தப் பேச்சே வேண்டாம். ஆக எப்படியாவது தெரிந்தாக வேண்டும்.

கடைசி நாளும் வந்தது. கூடை சீக்கிரமே காலியாகிவிட்டது. புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு முழுசாப் பாத்துட்டு வாரேன். நீங்க வண்டியக் கொண்டாந்து கூட்டிட்டுப் போங்க."

"சினையாடு இப்பவோ பெறகோன்னு நிக்குது. அத விட்டுட்டு எப்பிடி வர? பேசாம பஸ்ஸேறு."

"நான் வரல."

"ராத்திரி எங்க படுப்ப?"

"எங்கயோ படுக்கேன்" என்று போனை வைத்துவிட்டு உள்ளே போய், சனங்களை விலக்கிக்கொண்டு ராஜகுருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாடகம் வாசல்படிக்கு வந்தது. தூரத்தில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தங்கலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவாதி ஒரு காலை வெளியே வைத்தாள், நின்றாள், பிறகு சனங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க. என்ன சொல்றீங்களோ அத நடிச்சுக் காட்டுறோம்."

இதுதானா சங்கதி! தினம் ஒரு கூட்டம், தினம் ஒரு முடிவு. அவள் கேட்டது முடிவை மட்டும்தான்; அதைச் சனங்கள்தான் சொன்னார்கள் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ராஜகுருவுக்குக் கண்ணும் கெடவில்லை, சந்தனம்மாள் பொய்யும் சொல்லவில்லை. தங்கலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த இடத்திலிருந்தே எழுந்து கத்தினாள்.

"ஏத்தா, முடிவே தெரியாமலா நாடகம் போட வந்தீக? ஒரு வாரமா நான் தூங்கல. இதுக்கா பஸ்ஸ விட்டேன்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுவாதி சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "வாங்கக்கா. நீங்களே சொல்லுங்க."

"போகக் கூடாது" என்றாள் தங்கலட்சுமி, வட்டத்துக்குள் நடந்துகொண்டே. "நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்காதவன் வீட்டுக்கு எதுக்குப் போகணும்? நாம என்ன நாதியத்தவுகளா?" பெண்கள் பக்கத்தில் கைதட்டல் பலமாக எழுந்தது.

"சரிக்கா, போகல. இங்க எம் பக்கத்துல உக்காருங்க. இதுதான் நம்ம வீடு." மூங்கிலுக்கு இந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் கல்யாணம் தொடங்கியது. தம்பியாக நடிக்கிற ஹரி என்ற பையன் பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டான். வந்த ஒரு பெரியவர் கேட்டார். "என்னப்பா, ஒங்கக்காளக் காணோம்?"

ஹரி சற்றுத் திணறினான். "அவளுக்குக் காச்சலு மாமா." அடுத்த ஆளும் கேட்டார். "காச்சலு." அதற்கடுத்த ஆளும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. தாலி கட்டுகிற நேரத்தில்கூட அவன் மணமேடையைப் பார்க்காமல் மூங்கில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கலட்சுமி அசையாமல் இருந்தாள். பால் காய்ச்சிய அன்று தனக்கு என்ன ஆனது என்று அவள் ஆயிரம் தடவை நினைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்த வாசலில் நின்றவனுக்கு என்ன ஆனது என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஊரே வந்திருக்குமே. அக்கா எங்கே என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்? தனுஷ்கோடி என்ன சொன்னான்? காய்ச்சல் என்றானா? திமிர் பிடித்தவள் என்றானா? அந்தக் கேள்வி உள்ளே புகுந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இப்பிடியே முடிச்சுருவோமாக்கா?" என்று சுவாதி காதோரம் கேட்டாள்.

"நீங்க முடிச்சுக்கங்கத்தா. எனக்கு ஒரு ஆளப் பாக்கணும்" என்று எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு, சனத்தைத் தாண்டி நடந்தாள். ராஜகுரு பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா, பாதியில போறீக? ஒடம்புக்கு எதுவுமா?"

"அண்ணாச்சி, லோடு வண்டி தனுஷ்கோடி வீடு எது?"

"பின்னால ரெண்டாவது சந்து, பச்சக் கேட்டு. அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

ராஜகுரு வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடினது அந்தத் தெருவில் பெரிய சேதிதான்.

பச்சைக் கேட்டைத் தட்டினாள். கைலியும் பனியனுமாகத் தனுஷ்கோடியே வந்து திறந்தான். முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் கை கேட்டிலேயே ஒட்டிக்கொண்டது. "எக்கா..." என்றான்.

"உள்ள வாரதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும், உண்மையச் சொல்லு. பால் காச்சுன அன்னிக்கு, அக்கா எங்கடான்னு கேட்டவுககிட்ட என்ன சொன்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வந்துக்கிட்டு இருக்கா, பஸ்ஸுல இருக்கான்னு சொன்னேன்."

"எல்லாருகிட்டயுமா?"

"எல்லாருகிட்டயும்தான். பால் பொங்குற வரைக்கும் அதையேதான் சொன்னேன். பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவுறப்ப ஒருத்தர் கேட்டாரு. அவருகிட்டயும் வந்துக்கிட்டு இருக்கான்னுதான் சொன்னேன்."

"பாவி, நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் மொத பஸ்ஸுக்கே வந்திருப்பேனடா!"

"வண்டி லோடுல இருந்துச்சுக்கா. ரெண்டு நா கழிச்சு வருவோம்னு இருந்துட்டேன். பெறகு வர மூஞ்சியில்ல. தப்புத்தான்."

தங்கலட்சுமிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதை அவள் மறைக்கவுமில்லை, துடைக்கவுமில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"நாலு வருசமாவாடா நான் பஸ்ஸுலயே இருக்கேன்?"

அவன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

"சரி, எறங்கிட்டேன்னு சொல்லு."

"இப்பப் போயி யாருகிட்டக்கா சொல்ல?"

"மொதல்ல ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுடா."

தனுஷ்கோடி உள்ளே திரும்பி, தெருவே கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தான்.

"ஏய் கஸ்தூரி! அக்கா வந்துட்டா!"