ஹைடனில் காணாமல் போன புல்லாங்குழல்

ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே காலம் தள்ளியவர் என்பதால் தெருவில் அவருக்குச் செக்கர் என்றே பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. பால்காரர் முதல் மருமகன் வரை யாரையும் அவர் லேசில் நம்பியதில்லை.

மாலையானால் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நேரெதிரே நாற்காலியைப் போட்டு மேற்கத்திய சிம்பொனி கேட்பார். பக்கத்தில் மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். இசையமைத்தவர்களில் ஹைடன் குறும்புக்காரர், மோட்சார்ட் சிரித்துக்கொண்டே அழவைப்பவர், பீத்தோவன் சண்டை போட்டுவிட்டுத்தான் சமாதானம் பேசுவார் என்று அவளுக்குப் பிரித்துப் பிரித்துச் சொல்வார்.

ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது. மெக்கானிக்கிடம் கொடுத்து வாங்கினார். அதன் பிறகு ஹைடனில் புல்லாங்குழலைக் காணோம். ஆளை வீட்டுக்கே வரவழைத்தார்.

"நல்ல பார்ட்டைக் கழட்டிட்டு எதையோ மாட்டிட்டே!"

"ஐயா, ஒரு ஒயரைப் பத்தவெச்சேன். அவ்வளவுதான்."

"நீ சொன்னா நம்பிடணுமா?"

அவன் முகம் சுண்டிப் போய்த் திரும்பினான். செக்கர் பிராம்ஸ் என்ற இன்னொரு இசையமைப்பாளர் பக்கம் சாய்ந்தார். அதில் செல்லோ என்கிற பெரிய வயலின்கள் கனமாக, குறையில்லாமல் கேட்டன.

"மோட்சார்ட் வெறும் சர்க்கரைத் தண்ணி. பிராம்ஸ்தான் ஆழம்."

"மூட்டை தூக்கறவர் மாதிரி மூச்சு விடறார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி. "ஹைடன்ல புல்லாங்குழல் நல்லாத்தான் வருது."

இவளும் மெக்கானிக்கோடு சேர்ந்துவிட்டாளா? செக்கருக்குச் சுருக்கென்றது. பிடித்துவிட வேண்டியதுதான் என்று ஹைடனைப் போட்டு, அவளைச் சுவர் பார்த்து உட்காரவைத்தார்.

"புல்லாங்குழல் வரும்போது கையைத் தூக்கு."

தூக்கினாள். அதே பகுதியை மறுபடி போட்டார். அதே இடத்தில் தூக்கினாள். பொய் சொல்கிறவர்கள் இரண்டாம் தடவை உளறுவார்கள் என்பது அவருடைய அனுபவம். அவள் உளறவில்லை.

"என் காதுதானா? உனக்கு முன்னமே தெரியுமா?"

"குக்கர் விசிலடிச்சாக்கூட நீங்க திரும்பறதில்லையே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

செக்கர் எழுந்து ஹைடனை நிறுத்தினார்.

மறுநாள், கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் மட்டும் காதில் விழவில்லை என்று காது டாக்டர் காட்டிய வரைபடத்தைப் பார்த்து, "இது என்னோடதுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். மெக்கானிக் கடைக்குப் போய், "தப்பு என் மேலதான்ப்பா" என்றார். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

காதுக்கருவி வந்தது. புல்லாங்குழலும் வந்தது, கொஞ்சம் தகரச் சத்தத்தோடு. மோட்சார்ட்டுக்குக் கருவியை மாட்டிக்கொள்வார், பிராம்ஸ் வந்தால் கழற்றி வைத்துவிடுவார்.