பத்திரத்தில் எழுதாமல் விட்டது

கப்பலைவிட்டு இறங்கின மறுநாள் மண்டபம் முகாமில் ஆபீசர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "விஜயராணி, வயசு ஒம்பது" என்றார். முருகம்மாள் அந்தப் பேரை முதலில் கேட்டது அப்போதுதான். சாக்குமூட்டை மேலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "ராணிக்குக் கால்ல செருப்பில்ல பாரு" என்று முருகம்மாளின் அம்மா சிரித்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவளே அந்த அம்மாவுக்கு மருமகளாக, முருகம்மாளின் தம்பி கணபதிக்கு வாக்கப்பட்டு வந்தாள்.

கண்டித் தோட்டங்களிலிருந்து வந்த பதினோரு குடும்பம் மலையில் பேத்துப்பாறைப் பக்கம் கூலிக்கு வந்து, கல் உடைத்துத் தாங்களே வீடு கட்டிக்கொண்டன. தோட்டத்தில் இருந்த மாதிரியே ஒரே நீளமாக, ஒட்டுச்சுவரும் தகரக் கூரையுமாக. முன்னால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நடை. அதை இஸ்தோப்பு என்பார்கள், மொத்த வரிசையை லயம் என்பார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டித் தட்டி விசாரிப்பாள்.

சுற்றிலும் டூரிஸ்டுகளுக்கான காட்டேஜ்கள் மாடி மாடியாக எழும்பின. அப்போது கணபதி போய்ச் சேர்ந்திருந்தான். லயம் கலைந்துவிடக் கூடாதென்று விஜயராணிதான் வீடு வீடாகப் போய் மாரியம்மன் கோயிலில் எல்லோரையும் கூட்டினாள். அஞ்சாவது படித்தவள், பத்திரத்தையும் அவளே எழுதினாள். கல்சுவரை இடிக்கக் கூடாது. தகரத்தை எடுத்துத் தளம் போடக் கூடாது. மாடி கூடாது. இஸ்தோப்பில் தடுப்பு கூடாது. பதினோரு வீடும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. முருகம்மாள் வைத்தது கைநாட்டு.

அதில் முதலில் மாட்டினவன் முருகம்மாளின் மகன் ராஜமுருகன்.

"அத்தை, கல்யாணம் நிச்சயமாயிருச்சு. இருக்கது ஒரே ரூம். மேல ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிறேன்."

"முடியாதுய்யா."

"அப்ப எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல பொண்டாட்டியப் படுக்க வைக்கவா?"

"நாங்கல்லாம் சேலையக் கட்டி மறைச்சுத்தான் குடும்பம் நடத்தினோம். ஒனக்கு விட்டா நாளைக்குப் பத்து வீடும் மேல ஏறும்."

"நீங்க அந்தத் தகரத்துக்கே வாக்கப்பட்டிருக்கலாம் அத்தை."

கோயிலில் கூடின கூட்டமும் விஜயராணி பக்கமே பேசியது. தை மாசம் ராஜமுருகன் மதுரைக்காரர் ஒருத்தரைக் கூட்டிவந்தான். வீடு முருகம்மாள் பேரில் இருந்தது. அவள் விற்பனைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தாள்.

விஜயராணி பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அந்த ஆளிடம் வாசித்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு கல்லைக்கூட மாத்த மாட்டோம்மா. இப்படி இருந்தாத்தான் ஆளுங்க தங்க வருவாங்க. விக்கக் கூடாதுன்னு இதுல எங்க இருக்கு, காட்டுங்க."

நின்ற வாக்கில் ரெண்டு தடவை வாசித்தாள். இல்லை. தோட்டத்து லயத்தை யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள்? வேலைக் கணக்கில் பேர் பதிந்தவன் குடியிருப்பான், பேரை வெட்டினால் போவான். வீட்டை விற்கலாம் என்பதே அந்தப் பதினோரு குடும்பத்தில் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை.

"எழுதுறப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே மதினி" என்று முருகம்மாள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எழுத்தா தெரியும்? நீ எழுதின, நான் வெரல வச்சேன். ஒரு ரூமு விட்டிருந்தா நான் ஏன்டி போறேன்?"

மதுரைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. கல்லைக் கழுவி, தகரத்துக்கு வர்ணம் அடித்து, மஞ்சள் பல்பு தொங்கவிட்டார். டூரிஸ்ட் கூட்டம் வந்தது. கூட்டத்தைப் பார்த்து வீட்டை விலைக்குக் கேட்டு ஆட்களும் வந்தார்கள். மாடி வேண்டாம் என்று கை தூக்கினவர்களே முந்திக்கொண்டு விற்றார்கள். நாலு வருஷத்தில் பத்து வீடும் கைமாறிவிட்டது. லயம் மட்டும் அச்சு மாறாமல் அப்படியே நிற்கிறது.

போன பங்குனியில் முருகம்மாள் லயத்துக்குப் போனபோது, விஜயராணி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தங்க வந்த நாலு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அடுப்பு ஊதுவதை ஒரு பெண் போட்டோ எடுத்தாள்.

"ஒரு தட்டியாவது வச்சு மறைச்சுக்கயேன்டி."

"தடுப்பு கூடாதுன்னு பத்திரத்துல இருக்கே மதினி."

முருகம்மாள் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் இப்போது பெருமாள்மலையில் மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். விஜயராணி அதே லயத்தில் நாலாம் வீட்டில் தனியாக இருக்கிறாள், பகலில் மற்ற பத்து வீட்டுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துப் போடுகிறாள்.