சாமி அறைக்கு மேலே ஏறி இறங்கிய குழாய்

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சியில் கடைத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மொட்டை மாடி வைத்த ஒரு மெத்தை வீட்டின் பின் பாகத்தில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அவர் கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கத்து ஊர் ஒன்றில் வாத்தியார். சனிக்கிழமை இறங்கி வருவார், திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதனால் இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குடம் தூக்கக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, மாடிப்படி பக்கமே போகக் கூடாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். அந்த ஒரு சொகுசுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

அதுதான் நின்று போனது. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மொட்டை மாடித் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறதென்று, தண்ணீரையெல்லாம் குழாய் வழியாகவே வடித்துவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினார். மோட்டார் போட்டுத் தொட்டியை ரொப்பியாயிற்று. மறுநாள் காலை அவர் மலைக்குப் போன பிறகு சமையலறைக் குழாயைத் திறக்கிறேன், நூல் மாதிரி வருகிறது. ஒரு சொம்பு நிறைவதற்குள் ஒரு பாட்டையே பாடி முடித்துவிடலாம். குளியலறையிலும் அதே கதை.

நான் சும்மா இருப்பவள் இல்லை. குழாய் மூக்கில் ஊசியை விட்டுக் குத்தினேன். திருகைக் கழற்றி வாஷர் மாற்றினேன். தாம்பாளத்தைத் தட்டுவது போலக் குழாயைக் கரண்டியால் தட்டிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முன் பாகத்தில் மட்டும் தண்ணீர் சோவென்று கொட்டும் சத்தம் கேட்டது. ஒரே தொட்டி, அங்கே கொட்டுகிறது, இங்கே சொட்டுகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

முன் பாகத்தில் இருந்தவர் வடக்கனந்தல் பக்கத்து விவசாயக் குடும்பத்து அக்கா. பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்குக் குடி வந்தவர். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். தொட்டியின் அடியில் இரண்டு பாகத்துக்கும் தனித்தனி வால்வு இருப்பது எனக்குத் தெரியும். அன்று காலை அந்த அக்கா துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கியதையும் பார்த்தேன். போதாதா? தன் பக்கம் நன்றாக வரட்டும் என்று என் வால்வைத் திருகிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஏறிப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. பார்க்காததை நிச்சயமாக நம்புவதற்கு அது வசதியாகவும் இருந்தது.

அதற்குள் மறியலும் ஆரம்பமாகிவிட்டது. சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள், பஸ் கிடையாது. என் கணவர் மலையிலேயே மாட்டிக்கொண்டார். எனக்குத் துணைக்கு வருவதாக இருந்த அம்மா திருக்கோவிலூரில் மாட்டிக்கொண்டாள். காதில் விழுந்த செய்தியெல்லாம் பயமாக இருந்தது. அந்த அக்காவின் தம்பியும் மறியலில் உட்கார்ந்திருந்தான். "நம்ம புள்ளைங்களுக்கும் நாளைக்கு ஒரு வேல கெடைக்கணும்னுதான் போயி குந்தப் போறான்" என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அப்போது நியாயமாகத்தான் பட்டது. புருஷன் மலையில், குழாயில் தண்ணீர் இல்லை என்றான பிறகு என் நியாயமெல்லாம் பறந்து போயிற்று.

முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். வால்வைத் திறந்துவிடச் சொன்னேன். "தெறந்துதான் இருக்குது. நான் எதுக்கு அத தொடப்போறேன்?" என்றார் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் ஜாஸ்தி.

"உங்க ஆளுங்களுக்கு அடைக்கறத தவிர வேற இன்னா தெரியும்? ரோட்டையும் அடைங்க, என் குழாயையும் அடைங்க" என்றேன்.

அக்கா என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை என் பின்வாசலில் இரண்டு குடம் தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. முன் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துக் குழாய் உண்டு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் நல்ல வேகமாக வரும். அதில் பிடித்து வைத்த தண்ணீர். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குடத்தை அப்படியே சாய்த்து அத்தனையையும் அக்கா பார்க்கவே முருங்கை மரத்துக்குப் பாய விட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். பிறகு சின்ன வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் போனேன். அரை வாளி அரை வாளியாக ஐந்து நடை. அரை வாளி கனமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாளும் குடங்கள் வந்தன. அன்றும் கொட்டினேன், அன்றும் அடிபம்புக்குப் போனேன். மூன்றாவது நடையில் அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. வாளியை நடுத்தெருவிலேயே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தேன். வலி மெல்ல அடங்கியது. உள்ளே குழந்தை உதைத்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. எழுந்து உட்கார்ந்து அழுதேன், ஆனால் அப்போதும் கோபம் என் மேல் வரவில்லை.

மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். என் பக்கத்து வாசல் ஒரு சந்தில் திறக்கும். அந்தச் சந்து முனையில் மறியலில் சிக்கிய ஒரு பஸ் இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர். முப்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை கசங்கிப் போய், கையில் ஒரு கேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குழாயைத் திறந்து கேனை அடியில் வைத்தேன். அது வழக்கம் போல 'புர்ர்' என்று துப்பிவிட்டு நூலாக வடிந்தது. எரிச்சலில், முன் வீட்டில் வால்வை அடைத்துவிட்டார்கள் என்று அவரிடமும் சொல்லி வைத்தேன்.

டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "இல்லம்மா. கொழா இருமுது பாருங்க. உள்ள காத்து பூந்துக்கினா இப்படித்தான் இருமும். டீசல் வண்டியில எங்களுக்கு தெனம் இதே ரோதனதான். டேங்க் சுத்தமா காலியாகி, திரும்ப ரொப்புனா லைன்ல ஏர் புடிச்சிக்கும். நீங்க தொட்டி எதுனா கழுவுனீங்களா?"

கழுவினோம். நாங்களேதான் கழுவினோம். என் குரல் இறங்கிப் போயிற்று.

அவர் குழாய் போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து போனார். அந்த வீட்டில் அது ஒரு வேடிக்கை. குளியலறைக்கும் போகிற குழாய் சாமி அறைக்குள் நுழையக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அதனால் இடுப்பு உயரத்தில் வந்துகொண்டிருந்த குழாய், சாமி அறைக் கதவருகே வந்ததும் நிலைக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் மறுபடி இறங்கி, பிறகுதான் சமையலறைக்குப் போகும். அந்த மேட்டைத் தொட்டுக் காட்டி, "காத்து இங்கதான் குந்திக்கினு இருக்குது. தண்ணிய வுட மாட்டேங்குது" என்றார்.

எனக்கு நம்ப மனமில்லை. எதற்கும் மாடிக்குப் போய் வால்வைப் பார்க்கச் சொன்னேன். போனார். இறங்கி வந்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், முழுக்கத் துரு.

"அதுக்குக் கைப்பிடியே இல்லம்மா. தெறந்த வாக்குலயே துரு புடிச்சி இறுகிக் கெடக்குது, தொட்டு ரொம்ப வருசம் இருக்கும். யாராவது அடைக்கணும்னு நெனச்சாலும் அடைக்க முடியாது" என்றார்.

யாராலும் மூட முடியாத வால்வை மூடினாய் என்று ஒரு மனுஷியைத் திட்டியிருக்கிறேன். திட்டினதோடு நிற்காமல் அவள் குடும்பத்தையும் ஆட்களையும் இழுத்திருக்கிறேன். அவள் வைத்த தண்ணீரை மரத்துக்குக் கொட்டிவிட்டு என் பிள்ளையை ஆபத்தில் விட்டிருக்கிறேன்.

டிரைவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்கு வைத்தியம் சொன்னார். வேகமாகத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஒரு ஓஸ் பைப்பை இழுத்து என் சமையலறைக் குழாயில் மாட்டி, கீழேயிருந்து மேலே தண்ணீரை ஏற்றினால் காற்று தொட்டி வழியாக வெளியே போய்விடும். வேகமாக வரும் குழாய் எங்கே இருக்கிறது? முன் வீட்டில்தான். நீண்ட ஓஸ் யாரிடம் இருக்கிறது? அதுவும் அங்கேதான். நீங்களே போய்க் கேளுங்களேன் என்று அவரிடம் கெஞ்சினேன். "வூடு உங்களுது, நான் போயி இன்னான்னு கேக்கறது?" என்று சிரித்தார்.

போனேன். பத்தடி தூரம்தான், கால் வரவே இல்லை. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதையோ சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முகத்தைப் பார்த்ததும், "அக்கா, நான் பேசினது தப்பு. வால்வு மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. மன்னிச்சிடுங்க" என்று உடைந்துவிட்டேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "அழுவாத, இந்த மாதிரி நேரத்துல அழுவக் கூடாது. மொதல்ல தண்ணி வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓஸைத் தேடப் போனார்.

நாலு மணிக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர் வந்தது. டிரைவர் ஓஸின் ஒரு முனையை அந்தக் குழாயிலும் மறு முனையை என் குழாயிலும் மாட்டி, பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். குளியலறைக் குழாயை என்னை மூடச் சொன்னார். அக்கா தானாகவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறி, தொட்டி மூடியைத் திறந்துகொண்டு நின்றார். பஞ்சாயத்துக் குழாய், என் சமையலறைக் குழாய் இரண்டையும் திறந்தாயிற்று. சாமி அறைக் கதவுக்கு மேலே கடமுட என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"வருது! வருது! குபுகுபுன்னு வருதுடீ!" என்று மேலேயிருந்து அக்கா கத்தினார்.

ஐந்து நிமிஷம் விட்டு டிரைவர் ஓஸைக் கழற்றினார். என் குழாயைத் திறந்தார். ஒரு செருமல், கொஞ்சம் செம்மண் நிறத் தண்ணீர், பிறகு பளிச்சென்று சோவென்று கொட்டியது. வாளி கண்ணெதிரே நிறைந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முழங்கை வரைக்கும் நனைந்து, புடவை நனைந்து, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கியதை என்னால் சொல்லி விளக்க முடியாது. அன்று ராத்திரிச் சாப்பாட்டை அக்கா சமைத்தார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சேர்த்தே சமைத்தார்.

மரங்களை அப்புறப்படுத்தியதும் பஸ் கிளம்பிவிட்டது. டிரைவர் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. என் கணவர் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் மாட்டு வண்டியிலுமாக வந்து சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்து எனக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக, முழுசாக. அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் அந்த அக்காதான்.

அங்கே வைத்துத்தான் கேட்டேன். நான் அப்படிப் பேசியும், வைத்த தண்ணீரைக் கண்ணெதிரிலேயே கொட்டியும், மறுநாளும் எப்படிக்கா குடம் வைக்க மனசு வந்தது என்று. அக்கா குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "நீதான என்னோட சண்ட போட்ட? இவ போடலியே" என்றார்.

குழாயில் தண்ணீர் வந்த நிம்மதி இரண்டே நாளில் எனக்குப் பழகிப் போயிற்று. அந்த அக்கா என்னை வெறுக்கவில்லை என்ற நிம்மதி மட்டும், இத்தனை வருடம் கழித்தும் இன்னும் பழகவில்லை.