சொல்லி முடிப்பதற்குள்

சென்னையில் கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்ட ஓர் ஆட்டத்தை எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்துக்குக் கொண்டுவந்தது நான்தான். ஆளுக்கொரு வீரன், அவன் திறமைகளை எழுதிய ஒரு தாள், சில பகடைகள், மற்றதெல்லாம் பேச்சு. கதையையும் எதிரிகளையும் நான் நடத்துவேன். என் தங்கையும், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பனும் ஆடுவார்கள். அவன் ஏரியில் நண்டு வலை போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கூடுவோம்.

நண்பனுக்குத் திக்குவாய். எனக்கு அது பழகிப்போயிருந்தது. பழகியதாலேயே மறந்தும் போயிருந்தது.

அவனுடைய ஆள் ஒரு கேடயக்காரன். பக்கத்தில் நிற்பவர் மேல் அடி விழும்போது, சுற்றுக்கு ஒரு தடவை குறுக்கே பாய்ந்து அதைத் தான் வாங்கிக்கொள்ளலாம். எப்போது சொல்ல வேண்டும் என்பதில் முதலிலேயே தகராறு வந்தது. அடி எவ்வளவு என்று தெரிந்த பிறகு, சின்ன அடியை விட்டுவிட்டுப் பெரிய அடிக்கு மட்டும் பாய்ந்தால் அது ஆட்டமே இல்லை என்றேன். 'பட்டது' என்று நான் சொன்ன பிறகு, 'எவ்வளவு' என்று சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நேரம் மிச்சமாகட்டும் என்று, அடி பட்டதா, எவ்வளவு என்ற இரண்டுக்குமான பகடைகளை நான் ஒன்றாகவே உருட்டுவேன். இடையில் ஒரு மூச்சுகூட இருக்காது.

ஒரு ஞாயிறு தங்கையின் மந்திரக்காரி ஏற்கெனவே காயப்பட்டிருந்தாள்; சில உயிர்ப்புள்ளிகளே மிச்சம். கிட்டத்தட்ட ஒரு வருடமாகத் தங்கை பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள். ராட்சதப் பாம்பு அவள்மேல் பாய்ந்தது.

"பட்டுச்சு. பதினேழு," என்றேன்.

நண்பன் பாதி எழுந்திருந்தான். தாடை இறுகியிருந்தது. "நா... நா... நான் குறுக்க..."

"லேட்டுடா. சொல்லிட்டேன்."

"இன்னாண்ணா நீ! அந்த அண்ணன் சொல்ல வந்துச்சு, நான் பாத்தேன்," என்றாள் தங்கை.

"எல்லாருக்கும் ஒரே ரூலுதான்."

அதைச் சொன்னபோது எனக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் கதையில் முதல் தடவையாக ஒரு பெரிய சாவு. தங்கை தாளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். நண்பன் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவன் வரவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தங்கை சொன்னாள்: "ஸ்கூல்ல அந்த அண்ணன் பதில் சொல்றதுக்குள்ள வாத்தியார் அடுத்த பையனக் கேட்டுடுவாருன்னு நீதான வந்து கோவமா சொல்லுவ? இப்ப நீ இன்னா பண்ண?"

பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனேன். அவன் வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். "தப்பு என்னுதுடா," என்றேன். அவன் கை நிற்கவில்லை. பதில் வர நேரமானது. இந்த முறை நான் வாய் திறக்காமல் நின்றேன்.

"தண்ணில யாரும் என்னை அ... அவசரப்படுத்த மாட்டாங்க," என்றான். "உன் வீட்லயும் அப்டித்தான்னு நெனச்சிகினு இருந்தேன்."

விதியை மாற்றினேன். இனி குறுக்கே பாய வாயால் சொல்ல வேண்டாம், தரையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். 'பட்டது' என்றபின் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பகடையை எடுப்பேன். அவன் திரும்பி வந்தான். மந்திரக்காரியைப் பிழைக்க வைக்கிறேன் என்றதற்குத் தங்கை, "செத்தது செத்துச்சு, விடு," என்று வேறு ஒருத்தியை எழுதிக்கொண்டாள்.

நண்பனும் புதுத் தாள் கொண்டுவந்திருந்தான். ஒரு வில்லாளி. வாங்கிப் படித்தேன். எல்லாமே தன் முறை வரும்போது மட்டும் செய்கிற காரியங்கள். அடுத்தவர் முறையில் குறுக்கிட்டுச் சொல்ல எதுவுமில்லை.

"கேடயக்காரன் இன்னா ஆனான்?"

"வே... வேணாம்," என்றான்.

போன ஞாயிறு ஒரு கொள்ளைக்காரனின் கத்தி தங்கையின் ஆள்மேல் பட்டது. நான் நிறுத்திவிட்டு நண்பனைப் பார்த்தேன். அவன் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தட்டலுக்காக நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"எவ்வளோண்ணா?" என்று கேட்டாள் தங்கை.