வாடகைக்கு இல்லை

செங்கல்பட்டில் ரயிலடிக்குப் போகும் சந்தில் பிரபாவதி படங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளில் கேசட்டில் தொடங்கியது, பிறகு சிடி, அதற்குப் பிறகு டிவிடி. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள். கடையில் ஆள் இல்லையென்றால் அலமாரியைத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடி துடைப்பாள். கணவர் திருநாவுக்கரசு பரனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அவருக்கு நேர் எதிர் குணம். கொடுத்த நாற்காலியில் அப்படியே இருப்பார்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் வியாபாரம் படுத்தது. பொத்தேரி காலேஜிலிருந்து ரயிலேறி வந்து படம் வாடகைக்கு எடுத்த மாணவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இறங்குகிறதாம். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வினிதா கடைக்கு வந்தாள். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. அலமாரியை மேய்ந்துகொண்டிருந்தவள் ஒரு கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படத்தின் டிவிடியை உருவி எடுத்து, இது எப்படி உன்னிடம் என்று கேட்டாள். அதைப் போட்ட கம்பெனி இழுத்து மூடப்பட்டுவிட்டது. இனி அச்சாகாது. ஆபீஸில் ஒருத்தர் தேடிக்கொண்டிருக்கிறார், நெட்டில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் போகிறது என்றாள்.

பிரபாவதி அதை நூற்றைம்பதுக்கு வாங்கியிருந்தாள். அன்றைக்கே அது அலமாரியிலிருந்து வீட்டு பீரோவுக்குப் போனது.

அந்தப் படத்தைக் கேட்டு வருகிறவர் ஒருவர்தான். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டு ஆதியம்மாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் கூடையோடு வந்து செங்கல்பட்டில் மீன் விற்றுவிட்டு, மாதம் ஒருமுறையாவது அதே படத்தை எடுத்துப் போவாள். அவள் புருஷன் காத்தவராயன் இடுப்பு முறிந்து கடலுக்குப் போவதை விட்டவர். படத்தில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கிணற்றில் விழும் கட்டத்தில் அவர் சிரிக்கிற சிரிப்பைப் பற்றி ஆதியம்மாள் கடை வாசலில் நின்று சொல்லுவாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது பிரபாவதி முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "காணாப் போச்சிக்கா. எவனோ எட்த்துகினு போனான், திருப்பிக் குடுக்கல."

"போனா போவுது, நீ இன்னா பண்ணுவ" என்று ஆதியம்மாள் கூடையில் மீந்திருந்த நெத்திலியை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். அன்று நெத்திலிக் குழம்பு திருநாவுக்கரசுக்கு மட்டும்தான் ருசித்தது.

விலை ஏறியது. மூவாயிரம், பிறகு நாலரை. பிரபாவதி தினம் வினிதாவுக்கு போன் போட்டுக் கேட்டாள். வினிதா மீட்டிங்கில் இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கே போய், அங்கிருந்த பெண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். வேறு எந்தெந்தப் படம் இப்படி ஏறுகிறது என்றும் விசாரித்தாள். லேசாக ஏறியிருந்தாலும் அதுவும் பீரோவுக்குப் போனது. கடை அலமாரியில் ஓட்டை விழுந்தது. வருகிறவர்கள் கேட்டதெல்லாம் இல்லை என்று ஆனபின் வருவதையும் நிறுத்தினார்கள். விற்றுவிடலாம் என்று ஒரு நாள் முடிவு செய்வாள். மறுநாள் விலை இன்னும் ஏறியிருக்கும். நல்லவேளை விற்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ஆதியம்மாள் விஷயம் தெரிந்த வினிதா ஒருதரம் கோபித்துக்கொண்டாள். "அந்த டிவிடிய ஒரு காப்பி எடுத்து அந்தம்மாவுக்குக் குடேன் அத்த. இருபது ரூபா ஆவும்."

"காப்பி வெளிய போச்சின்னா ஒரிஜினல எவன் வாங்குவான்?" என்றாள் பிரபாவதி. ஆதியம்மாள் இன்னும் இரண்டு தடவை வந்து கிடைத்ததா என்று கேட்டாள். அப்புறம் வரவில்லை.

விலை ஒன்பதாயிரத்தைத் தொட்டபோது வினிதாவே ஆள் பிடித்தாள். பத்ரி என்று பேர், சிங்கப்பூரில் குடியேறியவர், மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் தங்கியிருந்தார். பிரபாவதி டிவிடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் போவதற்குள் பையைத் திறந்து திறந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் உள்ளே இருப்பது மருந்தா என்று கேட்டாள்.

பத்ரி டிவிடியை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்தார். கோடு கோடாகக் கீறல். நிறைய ஓடியிருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்கி, ஐந்தாயிரம் தருவதாகச் சொன்னார்.

"கீறல் இருந்தாலும் எங்கயும் நிக்காது சார். நல்லா பாக்கலாம்" என்றாள் பிரபாவதி.

"பாக்கறதுக்கு எங்கிட்ட காப்பி இருக்கும்மா. நெட்லயே கெடைக்கறது. ஆயிரம் பேர் காப்பி வெச்சிண்டிருக்கா. நான் தேடறது ஒரிஜினல், அட்டையோட."

பிரபாவதி பேரம் பேசவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் காலிக் கூடையோடு ஆதியம்மாள் நின்றிருந்தாள். பிரபாவதிக்குத் திரும்பி நடந்துவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். பிரபாவதி காத்தவராயனைப் பற்றி விசாரித்தாள். நல்லாதான் இருக்கிறார், வாய்தான் நிற்கவில்லை என்றாள் ஆதியம்மாள். பிறகு தோளைத் தொட்டுச் சொன்னாள்:

"அந்தப் படம் கெடச்சிச்சிம்மா. எம் மச்சான் பையன் காப்பி போட்டுக் குடுத்தான், ஒரு வருசம் ஆவப் போவுது. உன்கிட்ட இருந்தது தொலஞ்சி போச்சே, உனுக்கும் ஒண்ணு போட்டு வெக்கச் சொன்னேன். கடைக்கு ஆவும் இல்ல?"

பிரபாவதி தலையை ஆட்டினாள். பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ஊர் வரும்வரை முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் ஆதியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். வெற்று உறை, மேலே பேனாவில் படத்தின் பேர். ஞாயிறு மத்தியானம் திருநாவுக்கரசு அதைப் போட்டார். இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டும் பிரபாவதி அந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. பெண் பார்க்க மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினான். அவள் எழுந்துபோய் வினிதாவுக்கு போன் போட்டாள்.

"இப்ப இன்னா வெலைல கீது?"

"வித்துட்டல்ல அத்த, வுடு" என்றாள் வினிதா. பிரபாவதி போனை வைக்கவில்லை. கடைசியில் வினிதா சொன்னாள்: பதினோராயிரம்.

அறைக்குள் திருநாவுக்கரசு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை விழுந்துவிட்டான் போலிருக்கிறது. பிரபாவதி போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தாள். மிச்சம் இருந்த டிவிடிகளை எடுத்து, எதை மறுபடி அலமாரியில் வைப்பது, எதை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பது என்று பிரிக்க ஆரம்பித்தாள்.