மாலை போட்ட பிறகு வந்த ரத்தம்

அந்த விடியற்காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குழாயடியில் என் வீட்டுக்காரர் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. பூம்பாறையில் அன்று உறைபனி. பூண்டுப் பாத்தியெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததால், அந்தச் சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. "பிரஷ் குத்திருச்சு" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அப்புறம் தலையணை உறையிலும் கறை.

பழனிக்கு நடந்துபோக வேலப்பர் கோயிலில் மாலை போட்டிருந்தார். குளிருக்குப் பீடி குடித்தே பழகிய மனிதர், விரதம் என்று பீடிக்கட்டை அடுப்பில் போட்டுவிட்டார். அதுவரை ஒரு நாளும் அவர் ஈறில் ரத்தம் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய அக்கா வந்தார்.

"ஏலே, வாயத் தெற" என்றவர், மாலை போட்டவரை அப்படிக் கூப்பிட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "தெறங்க சாமி" என்றார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பீடி குடிச்சப்ப ஒரு சொட்டு வரல. மால போட்டதும் வருது. இந்த வீட்டுல என்னமோ தீட்டுப் பட்டுக் கெடக்கு."

எந்த நாளில் எதைத் தொட்டேன் என்று நானே எனக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன். மாலையைக் கழற்றிவிட்டு ஒரு பீடி இழுத்தால் நின்றுவிடுமோ என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மறுநாள் வெள்ளனே எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏறினேன்.

பல் டாக்டரம்மா மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கினார். அது ஆழமாக உள்ளே போனது. அவருடைய அக்கா சொன்னதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"மாலையால வரலம்மா. நோய் ரொம்ப நாளா உள்ள இருக்கு. பீடிப் புகை ரத்தத்த அமுக்கி, வெளிய தெரியாம வச்சிருந்துச்சு. விட்டதும் தெரியுது."

பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துவிட்டதாம். கரைந்தது திரும்ப வராதாம். ஆனாலும் இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்துவிடலாம். பல்லிடுக்குக்குச் சின்ன பிரஷ் ஒன்றைத் தினமும் போட வேண்டும். சில வாரம் கழித்து ஆழத்தை மறுபடி அளப்பார்.

"சொரண்டுனா பல்லு ஆடும்ங்கிறாங்களே?" என்றார் இவர்.

"இப்பவே ஆடுது சாமி. காரைதான் முட்டுக் குடுத்து நிறுத்தி வச்சிருக்கு. பீடியத் தொட்டீங்கன்னா என் வேல வீண்."

முருகன் புண்ணியத்தில் சிகிச்சை முடிந்தது. நடந்துபோய்க் கும்பிட்டு வந்து மாலையைக் கழற்றினார். மறுபடி அளந்தபோது முக்கால்வாசி இடத்தில் ஈறு இறுகியிருந்தது. கடைவாயில் மட்டும் ஆழம் குறையவில்லை. கட்டாயம் திரும்ப வரச் சொன்னார் டாக்டரம்மா.

என் பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இப்போது காலையில் அவர் துப்பும் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. "பாத்தியா, முருகன் தீட்டக் கழிச்சுட்டான்" என்கிறார் அவருடைய அக்கா. எனக்கு அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. போன வாரம் துவைக்க எடுத்த அவருடைய மப்ளரைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன். முருகா என்று சொல்லிக்கொண்டு முகர்ந்தேன். பீடி வாசம்.

"ஏங்க, நாளைக்கு டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துருவோமா?" என்றேன்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எதுக்கு? அதான் ரத்தமே வரலையே."