பவுனம்மாள் கோலாலம்பூர் வந்து சேர்ந்த விதம்

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நாள் முதல் பவுனம்மாளுக்கு ஒரு பருக்கை சோறு வயிற்றில் தங்கவில்லை. 1928ஆம் வருடம் கிள்ளான் துறைமுகத்தில் தரையில் கால் வைத்ததும், கூட்டிப்போக வந்திருந்த மருமகன் வேலாயுதத்திடம் அவள் முதலில் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளை, இனிமே அசையுற எதுமேலயும் நான் ஏறமாட்டேன்."

வேலாயுதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த டிக்கெட் குமாஸ்தா. மாமியாருக்கு இலவச பாஸ் வாங்கி வைத்திருந்தார். ரயில் இரும்புப் பாதையில் போவதால் ஆடவே ஆடாது என்று எடுத்துச் சொன்னார். கிள்ளான் ஸ்டேஷனில் ஒரு சரக்கு வண்டி குலுங்கிக்கொண்டு கிளம்பியதை அவள் விரலால் காட்டினாள். அதோடு பேச்சு முடிந்தது.

மகள் தங்கமணிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். பேரனைப் பார்த்தாக வேண்டும். தெரிந்தவர் வீட்டில் படுத்து எழுந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் ஆற்றோரமாக நடக்கத் தொடங்கினார்கள். கிள்ளான் ஆறு கோலாலம்பூரிலிருந்துதான் வருகிறது. அதை எதிர்த்து நடந்தால் ஊர் வந்துவிடும். இருபது மைலுக்கு மேல். அவள் வெறுங்கால். அவர் பூட்ஸும் கோட்டும். எட்டு மணிக்கே பூட்ஸ் கடிக்க ஆரம்பித்தது.

பத்து மணி சுமாருக்கு ஆறு இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்து ஆறு தெளிவாக இருந்தது, கரையில் நல்ல பாதையும் இருந்தது. வேலாயுதம் அதைக் காட்டினார். பவுனம்மாள் வலப்பக்கத்துச் சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்வளவு கலங்கிப்போய் வருதே, பட்டணம் இந்தப் பக்கமால்ல இருக்கும்?"

"அத்தை, நான் இந்த ஊர்ல பன்னெண்டு வருசமா இருக்கேன்."

மருமகனை எதிர்த்துப் பேசக்கூடாதென்று அவள் பின்னாலேயே போனாள். ஒரு மணி நேரம் நடந்தபின் கம்பம் என்று சொல்லும் ஒரு மலாய்க் கிராமத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர், இது டமன்சாரா ஆறு என்றார். கோலாலம்பூருக்கு வழி கேட்டதும் சிரித்துவிட்டு, தன் சம்பான் படகில் அக்கரை விடுவதாகச் சொன்னார். சம்பான் அசைந்தது. ஆகவே வந்த வழியே திரும்பி, ரயில் பாலத்தின் மேல் நடந்தே ஆற்றைக் கடந்தார்கள்.

பெட்டாலிங் ஸ்டேஷனை அடைந்தபோது வேலாயுதம் பூட்ஸைக் கையில் பிடித்திருந்தார். கோலாலம்பூர் ரயில் புறப்படத் தயாராக நின்றது.

"நீங்க ஏறுங்க மாப்பிள்ளை. இங்கேருந்து தண்டவாளத்தோட வந்தா வீடுதானே, நான் வந்துருவேன்" என்றாள் அவள்.

அவர் இரண்டு முறை மறுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை மறுப்பதற்குள் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அந்த மர பெஞ்சு அன்றைக்குப் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. கண் விழித்தபோது ரயில் கோலாலம்பூரைத் தாண்டி செந்தூலில் நின்றது. பிரிக்பீல்ட்ஸ் நாலு மைலுக்குப் பின்னால் போயிருந்தது. திரும்பிப் போக அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். மாமியார் வழி தெரியாமல் எங்கே நிற்கிறாளோ என்ற பயத்தில் அவர் ரயிலுக்குக் காத்திராமல் கோலாலம்பூர் கடைத்தெரு முழுக்க நொண்டிக்கொண்டே ஓடினார்.

வீட்டு வாசலில் தங்கமணி நின்றிருந்தாள். அம்மாவைக் காணவில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். "அம்மா இப்பத்தான் குளிச்சிட்டு, பிள்ளையத் தூங்க வச்சிருக்காங்க."

வேலாயுதம் அடுத்த மூன்று நாள் லீவு போட்டார். காரணம் என்னவென்று மனுவில் எழுதச் சொன்னார்கள். காய்ச்சல் என்று எழுதினார்.